கங்கம்மா விற்றது பால்சுறா

இந்த நகர் மனைகளாகப் பிரியும் முன்பு இதே மண்ணில் ஏர் ஓட்டியவரும், இன்று எங்கள் சச்சரவுகளையெல்லாம் பொறுமையோடு ஓட்டிக்கொண்டிருப்பவருமான அவைத் தலைவர், பெரியவர் சுப்பராயலு அவர்களே, மேடையின் ஓரத்தில் அமர்ந்து கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் நலச்சங்கச் செயலாளர் ராஜகோபால் அவர்களே, கணக்கு ஆசிரியர், அறிவியல் மன்றத்தின் அமைப்பாளர், அனைவருக்கும் நல்லவர், அந்த நன்மையாலேயே எனக்கு மூன்று மாதமாகத் தலைவலி தந்தவர், நண்பர் சுவிசேஷமுத்து அவர்களே, கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் விரிவுரையாளர், என் அழைப்பை ஏற்று வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பியூலா அவர்களே, மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்து, நின்றுகொண்டே கேட்கும் ஐயாமார்களே, டி.வி.யை அணைத்துவிட்டு, அடுப்பையும் அணைத்துவிட்டு வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே; தண்ணீர் லாரி வந்துவிடுமோ என்று குடத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே; உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இந்த ஆண்டு விழாவில் எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘தமிழின் இனிமை’. சாமுண்டீஸ்வரி டீச்சர் பேசினால் இனிக்கும் என்று நினைத்து வைத்திருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும். இனிப்பு என்னிடம் இன்று இல்லை. தலைவர் அனுமதித்தால் நான் ஒரு மீனைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருவராவது இப்படிச் சிரித்திருந்தால் நான் இங்கே தொண்டை வற்றப் பேச வேண்டிய அவசியமே வந்திருக்காது.

என்ன மீன்? பால்சுறா. எந்தப் பால்சுறா? பிள்ளை பெற்ற தாய்க்குப் புட்டுச் செய்து கொடுக்கிறோமே, வேகவைத்துத் தோலை நீக்கி, உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் சேர்த்துப் புரட்டி, கிண்ணத்தில் வைத்துக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோமே, அந்தப் பால்சுறா. அதைத் தின்றால் பால் பெருகுமா பெருகாதா என்பது மருத்துவர்கள் பேச வேண்டிய பேச்சு. பிள்ளைக்கு ஒரு வாய் கூடுதலாகக் கிடைக்காதா என்று ஏங்குகிறவளுக்கு அது தெம்பு தருகிறது. எனக்கு அது போதும்.

என் மகள் பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். பேரன் பிறந்தான். ஒரு காலையில், ‘அம்மா, இவனுக்குப் போதவில்லை போலிருக்கிறது, அழுதுகொண்டே இருக்கிறான்’ என்று கண் கலங்கினாள். நான் பையை எடுத்துக்கொண்டு அம்மன் கோயில் தெரு முனைக்குப் போனேன். அங்கே யார் இருப்பார்? உங்களுக்குத் தெரியும். கங்கம்மா இருப்பார். விடியும் முன்பே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், கூடையோடு ரயிலேறி, தாம்பரத்தில் இறங்கி, இரும்புலியூர் வரைக்கும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, வேப்பமரத்தடியில் பலகை போட்டு உட்காரும் கங்கம்மா. இந்த நகரில் முதல் பத்து வீடுகள் எழும்பியபோதே கடை போட்டவர்.

போனேன். மரம் இருந்தது. நிழல் இருந்தது. கடையைக் காணோம், கங்கம்மாவைக் காணோம். எதிர்வீட்டு அம்மாளைக் கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, ‘உங்களுக்கு விஷயமே தெரியாதா டீச்சர்? அது நாய்க்கறி வித்துதாம். சங்கத்துல தீர்மானம் போட்டுத் தொரத்திட்டாங்க’ என்றார்.

நாய்க்கறி. இந்தக் காதால் கேட்டேன். மகள் பிரசவத்துக்காக மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்ததில் நாட்டு நடப்பு எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. நான் கேட்டேன்: ‘பார்த்தீர்களா?’ ‘நான் பார்க்கலை.’ ‘வாங்கினீர்களா?’ ‘ஐயோ, நான் அவங்ககிட்ட எட்டு வருஷமா மீன்தான் வாங்கினேன்.’ எட்டு வருடமாக மீன் வாங்கியவர் சொல்கிறார், அவள் விற்றது நாய் என்று. எங்கே போய் முட்டிக்கொள்வது?

அன்பர்களே, அன்றைக்குத் தொடங்கியது என் அலைச்சல். முதலில் கங்கம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஓட்டு வீடு. வாசலில் மீன்கூடை கவிழ்த்து வைத்திருந்தது. அதன்மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்:

“இன்னா டீச்சரம்மா, நீயும் கேட்டுகினு போவ வந்தியா, நான் இன்னா கறி வித்தேன்னு?”

பட்டிமன்றத்தில் எதிரணியை வாயடைக்க வைத்தவள் நான். அந்த வாதத்தையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, மகளுக்குப் பால்சுறா வாங்க வந்தேன் என்றேன். அதைக் கேட்டதும்தான் அவர் முகம் சற்று இளகியது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நடந்ததைச் சொன்னார்.

நடந்தது இதுதான். நம் சமுதாயக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வைத்தார் நண்பர் சுவிசேஷமுத்து. நல்ல காரியம். பிள்ளைகள் பார்த்துப் படிக்கட்டும் என்று தவளை வைத்தார், தேள் வைத்தார், சுறாமீன் ஒன்றும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று கங்கம்மாவிடம் கேட்டார். கங்கம்மா, கூடையிலேயே பார்வையாக இருந்த பால்சுறா ஒன்றை எடுத்து, காசு வேண்டாம், பசங்க படிக்கட்டும் என்று கொடுத்தார். அதைத் தோலுரித்து, வயிற்றை அறுத்துத் திறந்து ஜாடிக்குள் வைத்தார்கள். ஜாடிக்குக் கீழே அட்டை வைத்தார்கள். அட்டையில் என்ன எழுதினார்கள்?

ஆங்கிலப் புத்தகத்தில் அந்த மீனுக்கு ‘டாக்ஃபிஷ்’ என்று போட்டிருந்தது. டாக் என்றால்? நாய். ஃபிஷ் என்றால்? மீன். முடிந்தது மொழிபெயர்ப்பு. அட்டை அகலம் போதவில்லை. ஆகவே முதல் வரியில், கொட்டை எழுத்தில், ‘நாய்’. இரண்டாம் வரியில், இடம் இருந்த அளவுக்கு, ‘மீன்’. அதற்குக் கீழே, ‘குடும்பம்: ஸ்குவாலிடே’. அதற்கும் கீழே, நன்றி மறக்காத நண்பர், அழகாகக் கட்டம் கட்டி, ‘அன்பளிப்பு: கங்கம்மா, மீன் கடை, அம்மன் கோயில் தெரு முனை’ என்று எழுதினார்.

ஒரு பெண்ணுக்கு நன்றி சொல்வதற்காக எழுதிய அட்டை, ஐயா. அவளைச் சிறுமைப்படுத்த அல்ல. அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவன் செய்தால் சண்டை போடலாம். நல்லவர் செய்தால் என்ன செய்வது?

உள்ளே தோலுரித்துக் குடலைக் காட்டிக்கொண்டு ஒரு மீன். வெளியே ‘நாய்’ என்று கொட்டை எழுத்து. கீழே கங்கம்மா கடை முகவரி. அந்த நேரம் பார்த்து நம் தெருக்களில் நகராட்சி வண்டி வந்து நாய்களைப் பிடித்துக்கொண்டு போயிருந்தது. தெருவில் நாய் குறைந்திருக்கிறது. ஜாடியில் நாய் என்று எழுதியிருக்கிறது. நம்மவர்களுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? கூட்டிக் கழித்துக் கதை கட்டிவிட்டார்கள். ஒரே வாரம். குரோம்பேட்டை வரைக்கும் போய்விட்டது செய்தி.

பின்னால் யாரோ என்னவோ கேட்கிறார். சத்தமாகக் கேளுங்கள். ‘பேரில் நாய் இருந்தால் சந்தேகம் வராதா?’ என்கிறார். வரட்டும் ஐயா, வரட்டும். நான் ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். கல்யாண விருந்தில், சம்பந்தி வீட்டாரை அசத்துவதற்காக, வறுத்து அடுக்கி வைக்கிறீர்களே, அதற்குப் பெயர் என்ன? வவ்வால். சந்தையில் அதிக விலை சொல்லும் மீன் எது? வவ்வால். கருப்பு வவ்வால், வெள்ளை வவ்வால் என்று நிறம் பார்த்து வாங்குகிறீர்களே, இருட்டில் தலைகீழாகத் தொங்குகிறதே, அதையா தின்றீர்கள்? கிளிமீன் தின்றவர் கூண்டைத் திறந்தா தின்றார்? வவ்வாலைத் தின்றபோது வராத சந்தேகம், கிளியைத் தின்றபோது வராத சந்தேகம், ஒரு ஏழையின் பெயரோடு நாய் சேர்ந்தபோது மட்டும் எங்கிருந்து வந்தது?

கைதட்ட வேண்டாம். இது கைதட்டலுக்குரிய இடம் இல்லை.

கங்கம்மா என்னிடம் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். “எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சரம்மா. அந்த சார் என்னை இட்டுகினு போயி, இதோ பாரு, இதான் உன் பேருன்னு வெரல வச்சுக் காமிச்சாரு. என் பேரு எழுதி நான் பாத்ததே இல்ல. தெனமும் வியாபாரம் முடிஞ்சா போயி அது எதிர்ல நின்னுகினு இருப்பேன். மேல இன்னா எழுதிகீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?”

தாய்மார்களே, தன் பெயரைப் பார்ப்பதற்காக அந்த அம்மாள் தினமும் போய் நின்றிருக்கிறார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் முதல் வரியைப் படித்துவிட்டு அவரைப் பார்த்திருக்கிறார்கள். அவரோ நான்காவது வரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அதன் பிறகு வாங்க வருகிறவர் குறைந்தார்கள். கொண்டுவந்த மீன் ஐஸில் கிடந்து கெட்டது. கெட்ட மீனைப் பார்த்தவர்கள், பார், நாறுகிறது என்றார்கள். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். நம் தெருப் பிள்ளைகள், பள்ளிச் சீருடையில் போகும் நம் பிள்ளைகள், அவர் பின்னாலேயே ‘லொள், லொள்’ என்று குரைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் என் வகுப்பில் தமிழ் படிக்கிறவர்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கூசுகிறது. அன்றைக்குக் கவிழ்த்த கூடைதான் நான் வாசலில் பார்த்தது. இப்போது அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் இலை எடுக்கிறார்.

நான் அங்கிருந்து நேராகச் சுவிசேஷமுத்துவின் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டார். செய்தி காதுக்கு வந்த அன்றைக்கே அட்டையைக் கிழித்துவிட்டதாகவும், சங்கத்துக்கே போய் விளக்கம் சொன்னதாகவும் சொன்னார். என்ன விளக்கம் சொன்னீர்கள் என்று கேட்டேன். அது நாயா மீனா என்று கமிட்டியில் கேட்டார்களாம். இவர், பெயரளவில் நாய், உண்மையில் மீன் என்றாராம். பெயரளவில் நாய். நண்பரே, உங்கள் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் ‘மீன்’ என்று ஒரே சொல்லில் நிறுத்தியிருக்கக் கூடாதா? கணக்கு ஆசிரியருக்குக் கூட்டத் தெரிகிறது, பெருக்கத் தெரிகிறது, நிறுத்தத் தெரியவில்லையே.

சரி, சங்கம் என்ன செய்தது? நம் செயலாளர் ராஜகோபால் சார் எதையும் ஆதாரம் இல்லாமல் செய்ய மாட்டார். ஆதாரம் தேடினார். அட்டையில் இருந்த ‘ஸ்குவாலிடே’ என்ற விஞ்ஞானப் பெயர் அவர் கண்ணில் பட்டது. ஆங்கில அகராதியை எடுத்தார். ஸ்குவாலிடே அதில் இல்லை. அதற்குப் பக்கத்தில் ‘ஸ்குவாலிட்’ இருந்தது. பொருள் பார்த்தார். அழுக்கான, அருவருப்பான. உடனே கமிட்டியில் எழுந்து, விஞ்ஞானமே இது அழுக்கு மீன் என்றுதான் சொல்கிறது, நாம் என்ன சொல்வது என்று கேட்டாராம். தீர்மானம் நிறைவேறிற்று. சுகாதாரத்தை முன்னிட்டு மரத்தடியில் மீன் விற்கக் கூடாது.

சார், உங்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. இந்தத் தெருவுக்கு விளக்குப் போட வைத்தவர் நீங்கள். ஆனால் அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதெல்லாம் உறவா? நம் தமிழ் அகராதியில் மாமரம் இருக்கிற பக்கத்தில்தான் மாமனாரும் இருக்கிறார். அதற்காக மாமனார் தோளில் ஏறி மாங்காய் பறிக்கிறோமா?

சிரித்தது போதும். துண்டுச் சீட்டு வந்திருக்கிறது, நேரம் ஆகிவிட்டது என்று. படித்தேன், வைத்துக்கொண்டேன். தொடர்கிறேன்.

எனக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். பியூலா மேடத்தைத் தேடிக் கல்லூரிக்குப் போனேன். ஆய்வுக்கூடத்து மேசையில் ஒரு பால்சுறாவை வைத்துக்கொண்டு அவர் எனக்கு விளக்கினார். ஆங்கிலேயர் பல சிறிய சுறாக்களை டாக்ஃபிஷ் என்றார்கள். நாய்க்கூட்டம் போலச் சேர்ந்து போய் இரையைத் துரத்துவதைப் பார்த்து அவர்கள் ஊர் மீனவர்கள் வைத்த பட்டப்பெயர் அது என்பார்களாம். அந்த டாக்ஃபிஷ் குடும்பத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர்தான் ஸ்குவாலிடே. ஸ்குவாலஸ் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பழைய ரோமானியர் ஏதோ ஒரு கடல்மீனை அப்படி அழைத்தார்களாம். அழுக்கு என்று யாரும் அதைத் திட்டி அழைக்கவில்லை.

அடுத்து அவர் சொன்னதைக் கவனமாகக் கேளுங்கள். அந்தக் குடும்பத்து மீனுக்கு முதுகுத் துடுப்பு ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு முள் இருக்கும். வாலுக்கு முன்னால், அடிப்பக்கத்தில், துடுப்பு இருக்காது. மேசை மேல் கிடந்த மீனின் முதுகை என்னைத் தடவிப் பார்க்கச் சொன்னார். தடவினேன். முள் இல்லை. திருப்பிக் காட்டினார். அடியில் துடுப்பு இருந்தது. அவர் அமைதியாகச் சொன்னார்: “டீச்சர், பால்சுறா அந்த ஃபேமிலியே கிடையாது. அது கார்க்காரினிடே. அங்க வெள்ளைக்காரங்க காலேஜ்ல டாக்ஃபிஷ் அறுத்துப் படிச்சாங்க, இங்க அது கிடைக்கலை, பால்சுறாவை வச்சாங்க. பேரை மட்டும் யாரும் மாத்தலை.”

கேட்டீர்களா? நாயும் இல்லை. நாய் என்று பெயர் பெற்ற மீனும் இல்லை. அந்தக் குடும்பமே இல்லை. பால்சுறாவின் சொந்தப் பெயர் ஸ்கோலியோடான். வளைந்த பல் உடையது என்று பொருளாம். ஒரு மீனுக்கு அந்நியர் வைத்த பட்டப்பெயரை, வேறொரு மீனுக்கு நாம் சூட்டி, அதைத் தப்பாக மொழிபெயர்த்து, அந்தத் தப்புக்குத் தப்பான குடும்பம் எழுதி, அந்தக் குடும்பத்துக்குத் தப்பான அர்த்தம் பார்த்து, அந்த அர்த்தத்தை வைத்து ஒரு தீர்மானம் போட்டு, கடைசியில் யாரைத் தண்டித்தோம்? இதில் எந்தத் தப்பையும் செய்யாத ஒரே ஆளை. அது பால்சுறா என்று அந்த அம்மாள் சொல்லித்தானே கொடுத்தார்? நம் மொழியில் அந்த மீனுக்குப் பெயர் இருந்ததே. பாலில் தொடங்கும் பெயர். அதை ஏன் எழுதவில்லை? நம் வாயில் இருந்த பெயர் நமக்கே ஏன் போதவில்லை?

மன்னிக்கவும். குரல் உயர்ந்துவிட்டது. தண்ணீர் கொடுங்கள்.

தலைவர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும். தலைவர் தலையசைக்கிறார். அவையோர் பார்த்துக்கொள்ளுங்கள், தலைவர் தலையசைத்துவிட்டார். நன்றி ஐயா. ராஜகோபால் சார் என்ன சொல்கிறீர்கள்? சங்க விதிப்படி அடுத்த பொதுக்குழுவில் வைத்துத்தான் ரத்து செய்ய முடியும் என்கிறார். அடுத்த பொதுக்குழு பொங்கல் கழித்து. சார், தீர்மானம் அதுவரை தாங்கும். வயிறு தாங்காது. தலைவரின் தலையசைப்பை இன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்பர்களே, தீர்மானம் ஒழிந்தாலும் வேலை முடியவில்லை. இன்று காலை நான் மறுபடியும் கங்கம்மா வீட்டுக்குப் போனேன். கூட்டத்துக்கு வாருங்கள், உங்கள் எதிரிலேயே எல்லோரும் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறேன் என்று ஆவேசமாகச் சொன்னேன். அவர் மண்டபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கொண்டையை முடிந்துகொண்டே சொன்னார்:

“மன்னிப்பு வாங்கி நான் இன்னா டீச்சரம்மா பண்ணப் போறேன்? அதை ஐஸ்ல வைக்க முடியுமா? நாளைக்கு நான் கடை போட்டா யாராவது வாங்குவாங்களா, அதை மட்டும் கேட்டுகினு வந்து சொல்லு. வாங்குவாங்கன்னா காசிமேட்டுக்குப் போறேன். இல்லாட்டி சும்மா போயி நிக்க வச்சுடாத.”

நான் தயாரித்து வைத்திருந்த பேச்சில் பாதி அந்த வாசலிலேயே உதிர்ந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு என் பேச்சு தேவையில்லை. உங்கள் பைதான் தேவை. ஆகவே நேரடியாகக் கேட்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை. வேப்பமரத்தடியில் கங்கம்மா உட்கார்ந்தால், வாங்கப் போகிறவர் யார்? கையைத் தூக்குங்கள்.

ஏன் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறீர்கள்? அவர் கை அவருடையது, உங்கள் கை உங்களுடையது.

ஒருவருமில்லையா?

அதோ. பெண்கள் பக்கம் ஒரு கை. வளையல் தெரிகிறது, முகம் தெரியவில்லை. விளக்கை அந்தப் பக்கம் திருப்புங்கள். யாரம்மா அது? பச்சையம்மா. அவையோர் அறிய வேண்டும், கையைத் தூக்கியிருப்பவர் நம் செயலாளர் ராஜகோபால் சாரின் துணைவியார். என்னம்மா சொல்கிறீர்கள்? மைக் இல்லை, இருங்கள், நான் கேட்டுச் சொல்கிறேன். தன் இரண்டு பிரசவத்துக்கும் கங்கம்மாதான் பால்சுறா கொண்டுவந்து கொடுத்தார் என்கிறார். தீர்மானம் போடும்போதே வீட்டில் எடுத்துச் சொன்னாராம். சார் அகராதியைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது கேட்கவில்லை என்கிறார்.

ராஜகோபால் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார். துடையுங்கள் சார். நீங்கள் கையைத் தூக்க வேண்டாம். உங்கள் வீட்டுக் கை உயர்ந்துவிட்டது.

இதோ இந்தப் பக்கம் ஒன்று. அந்த எதிர்வீட்டு அம்மாளும் தூக்குகிறார். குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தூக்குகிறார். சுவிசேஷமுத்து இரண்டு கையையும் தூக்கிவிட்டார். ஒன்று போதும் நண்பரே. பின்வரிசை, கம்பத்தோரம், சைக்கிள் மேல் உட்கார்ந்திருப்பவர்... போதும். எண்ண மாட்டேன். கைகளை எண்ணிப் போய்ச் சொன்னால் அந்த அம்மாள் நம்ப மாட்டார். உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, வருகிற பைகளை அவரே பார்த்துக்கொள்ளட்டும். நான் இப்போதே இறங்கிப் போய், காசிமேட்டுக்குக் கிளம்புங்கள் என்று சொல்லப் போகிறேன்.

சீட்டு அனுப்பியும் பொறுத்துக்கொண்ட செயலாளருக்கும், தலையசைத்த தலைவருக்கும், என் எரிச்சலை எல்லாம் பொறுமையாக வாங்கிக்கொண்ட தாய்மார்களுக்கும் ஐயாமார்களுக்கும் என் நன்றி. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். குரைத்த பிள்ளைகள் அந்த அம்மாளிடம் மீனின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். வணக்கம்.